மீதிக் கல்

காளியப்பன்: கல்ல அப்பறம் பாக்கலாம் அம்மிணி. மொதல்ல மோரக் குடி. வெயில்ல வந்திருக்கற.

இலக்கியா: இருக்கட்டுங்கப்பா. எடுத்துக் குடுத்தீங்கன்னா சாயங்கால பஸ்ஸப் புடிச்சிருவேன்...

காளியப்பன்: வந்ததும் வராததுமா பஸ்ஸா? எளச்சுப் போயிட்ட. எம்பையன் தனசேகரு இருந்திருந்தா, காத்தடிச்சாப் பறந்துருவேன்னு கிண்டலடிச்சிருப்பான்.

இலக்கியா: ஆமாங்க, கிண்டலடிப்பான். லடாக்குலயும் அதே பேச்சுதான்... "பாக்கெட்டுல ரெண்டு கல்லப் போட்டுட்டு மலையேறு"ம்பான்.

காளியப்பன்: அந்த மலை... இப்ப எப்புடி இருக்குதாம்?

இலக்கியா: சரிஞ்சது சரிஞ்சதுதானுங்க. அவன் கல்லு எடுத்த எடமே மண்ணுக்கடியில போயிருச்சு.

காளியப்பன்: அவனையும் அந்தக் கல்லு இருந்த அவன் பையையுமாச்சும் தோண்டிக் குடுத்தாங்க.

இலக்கியா: அப்பா...

காளியப்பன்: சரி உடு. ஒரே வாத்தியார்கிட்டத்தான ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணுனீங்க. அந்தக் கல்லுக்கு வயசு பாத்தாச்சுன்னியே, என்ன வந்துச்சு?

இலக்கியா: இன்னொருக்கா பாக்கச் சொல்றாருங்க சார். அதுக்குத்தான் மீதிக் கல்லு...

காளியப்பன்: என்ன வந்துச்சுன்னு கேட்டேன்.

இலக்கியா: ...இருநூத்தம்பது கோடி வருசம்.

காளியப்பன்: அடேங்கப்பா! அத்தன பழசா! எம்பையன் கெட்டிக்காரந்தான். நாளைக்கு ஜல்லிக் கிரஷர்ல எல்லாத்துகிட்டயும் சொல்லோணும்.

இலக்கியா: சொல்லாதீங்கப்பா.

காளியப்பன்: ஏன்? பழசுன்னா நல்லதுதான?

இலக்கியா: அவன் சொன்னது ஆறு கோடிங்க. அங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. கடலோட தரை பூமிக்குள்ள போகப் போக, எரிமலைங்க வரிசையாக் கெளம்புச்சு. இந்தக் கல்லுல இருக்கற செம்பும் தங்கமும் அந்த நெருப்புக் கொழம்போட வந்ததுன்னான். சார் ஒத்துக்கல. இந்தக் கல்லுக்கும் அந்த எரிமலைகளுக்கும் ஒரே வயசுன்னு காட்டறேன்னுதான் மறுக்கா மலையேறுனான்...

காளியப்பன்: அப்ப எம்பையன் சொன்னது தப்பா?

இலக்கியா: இல்லீங்க! கல்லுப் பொடிக்குள்ள மணலாட்டச் சின்னப் படிகம் இருக்கும், அதுலதான் வயசு பாப்பாங்க. ரெண்டே ரெண்டு, ஆறு கோடி காட்டுச்சு. மிச்சமெல்லாம்... வேற கல்லு கலந்துருச்சுங்க. ரெண்ட வெச்சு யாரும் நம்ப மாட்டாங்க.

காளியப்பன்: எங்க கலந்துச்சு?

இலக்கியா: காலேஜுலதாங்க. மிசினச் சரியாக் கழுவல.

காளியப்பன்: காலேஜுல நீங்க எங்க ஒடச்சீங்க? பாதிக் கல்ல ஒடச்சுக் குடுத்தது நானு. எம்பையன் எடுத்த கல்ல நாந்தான் ஒடைப்பேன்னு, நான் வேலை செய்யற கிரஷர்ல போட்டு...

இலக்கியா: அத உடுங்கப்பா...

காளியப்பன்: நம்மூரு மலைக்கல்லுக்கு என்ன வயசு சாமி?

இலக்கியா: அது எதுக்குங்கப்பா இப்ப...

காளியப்பன்: சொல்லு.

இலக்கியா: இருநூத்தம்பது கோடிங்க.

காளியப்பன்: அப்ப எங்க கிரஷர்ல கெடந்த தூளுதான் அவன் கல்லுல கலந்துருக்குது.

இலக்கியா: உங்க மேல தப்பில்லீங்க. வேண்டாம்னு நாந்தான் சொல்லியிருக்கோணும். அவன எரிச்சு மூணாம் நாளு, உங்க மொகத்தப் பாத்து எனக்கு வாயே வரல. போனது போகட்டும். மீதிப் பாதி இருக்குதில்லீங்க, அது போதும். அவன் சொன்னது நெசம்னு அவன் பேர்லயே கொண்டாந்துருவேன். பத்திரமா வெச்சிருங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்? எங்கீங்க... உள்ள பீரோவுலயா?

காளியப்பன்: ஊட்டுல இல்ல சாமி. கருமாதிக்கு ஒரு கல்ல நட்டு, அத அவனா நெனச்சுத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. கண்ட கல்லு எதுக்கு, அவன் உசுரக் குடுத்து எடுத்தாந்ததே இருக்குதேன்னு அதத்தான் நட்டேன். சடங்கு முடிஞ்சு மோகனூருக்குக் கொண்டுபோயி, காவேரில நெஞ்சளவு தண்ணில எறங்கி, எங்கையாலயே உட்டேன். திரும்பிப் பாக்காம வரோணும்னாங்க... வந்துட்டேன்.