உங்க ஆளான்னு கேட்டாங்க

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க சார், அப்படியே சாஞ்சிருங்க. ஒரு நிமிஷம், இந்தக் கட்டில் பலகைய மட்டும் பாத்துக்கறேன். ஒம்பது. சரி, அப்போ நீங்கதான். போன தடவை இதைப் பாக்காம உக்காந்ததுனாலதான் அவ்வளவு கூத்தும்.

ஆமா, நான்தான். பஸ் கவுந்த அன்னிக்கு உங்க கையப் புடிச்சிக்கிட்டு மூணு மணி நேரமா அழுதுட்டு இருந்த ஆளு. உங்க வீட்டம்மா சொல்லியிருப்பாங்களே? என்னன்னு சொன்னாங்க? இருங்க, அந்த சிலேட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. ஏதோ பாவம்னு சொன்னாங்களா. நல்ல மனசு அவங்களுக்கு. நானா இருந்தா செக்யூரிட்டியக் கூப்பிட்டிருப்பேன். இப்பக்கூட வாசல்ல பாத்து, மருந்து வாங்கிட்டு வந்துடறேன், நீங்க அவர் பக்கத்துல இருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. சொன்னது அவங்கதானான்னு மட்டும் கேட்டுடாதீங்க. உரிமையாப் பேசினாங்க, நம்பிட்டேன்.

கட்டெல்லாம் பிரிச்சுட்டாங்க போல. அப்போ இதுதான் உங்க மூஞ்சி. நல்லாத்தான் இருக்கு சார். நல்லாப் பாத்துக்கறேன். வாசப்படி தாண்டினா போயிடும், அது வேற விஷயம்.

சிரிக்காதீங்க, தாடையில கம்பி இருக்கு. எத்தனை வாரம்? ஆறா. ஐயையோ. எனக்கு இருந்த ஒரே வழியையும் அடைச்சு வெச்சுட்டாங்களே. நான் பல் செட் செய்யற ஆளு சார். பல் டாக்டர் எல்லாரும் அச்சு எடுத்து எங்க லேபுக்கு அனுப்புவாங்க, நாங்க பல்லு செஞ்சு அனுப்புவோம். இருபத்திரெண்டு வருஷம். ஒரு அச்சைக் கையில குடுத்தா இது யாரு, எந்த வருஷம் செஞ்சது, எந்தப் பக்கமா மெல்லுவாருன்னு சொல்லிடுவேன். அதே ஆளு எதிர்ல வந்து நின்னா, யாருங்க வேணும்பேன். அதனால எல்லார் வாயையும் பாத்துக்கிட்டே பேசுவேன். பொம்பளைங்க தப்பா நெனச்சுக்கறாங்க, ஆம்பளைங்க மீசையில சோறு ஒட்டியிருக்கான்னு தடவிப் பாக்கறாங்க.

வியாதியா? வியாதின்னு சொல்லக் கூடாதாம். ஆட்டிசம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு நாப்பத்தாறு வயசு அப்போ. சின்னப் புள்ளைங்களுக்குத்தானே அதெல்லாம்னு கேட்டேன். நீங்களும் ஒரு காலத்துல சின்னப் புள்ளதானே, அப்போ யாரும் பாக்கலன்னாங்க. இது இருக்கற எல்லாருக்கும் மூஞ்சி விஷயத்துல தகராறு வரும்னு இல்லையாம். நெறைய பேருக்குக் கொஞ்சம் இருக்குமாம், சில பேருக்கு நல்லாவே இருக்குமாம். எனக்கு நல்லாவே.

டெஸ்ட் ஒண்ணு வெச்சாங்க பாருங்க. முடி, காது எல்லாத்தையும் மறைச்சு, மூஞ்சி மட்டும் தெரியற மாதிரி படம் படமா கம்ப்யூட்டர்ல காட்டறாங்க. தெரிஞ்சவரா, தெரியாதவரா? தெரியாதவர், தெரியாதவர்னு தட்டிக்கிட்டே வந்தேன். ஏழாவதா ஒருத்தன், மூஞ்சியப் பாத்தாலே எரிச்சலா வந்துச்சு. இவன் யாரு டாக்டர், சரியான முசுடு மாதிரி இருக்கானேன்னு வாய் விட்டே கேட்டுட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. அப்புறம் மெதுவா, அது நீங்கதான்னாங்க.

சார், மெதுவா, மெதுவா. இருமாதீங்க. தண்ணி வேணுமா? அந்த ஸ்ட்ரா... ஆங், இந்தாங்க.

அவங்க சொன்னது இதுதான். மத்தவங்க மூளை ஒரு மூஞ்சிய ஒரே மடக்குல குடிச்சிடுதாம். பாத்த உடனே, யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்து நிக்குமாம். அதுக்குன்னே மூளைக்குள்ள ஒரு இடம் இருக்காம். எனக்கு அந்த இடம் சோம்பேறி. அதனால நான் நாற்காலி, மேசையப் பாக்கற மாதிரிதான் மூஞ்சியையும் பாக்கறேன். மூக்கு ஒண்ணு, கண்ணு ரெண்டு, புருவம், தாடை. சாமான் எல்லாம் சரியா இருக்கு. ஆனா சேர்த்து வெச்சா ஆள் வர மாட்டேங்குது. பல்லு மட்டும் ஏன் வருதுன்னு கேட்டேன். அதை நீங்க இருபது வருஷமா படிச்சிருக்கீங்களேன்னாங்க.

டாக்டர்கிட்ட என்னை இழுத்துட்டுப் போனது என் வீட்டுக்காரி. நியாயமான காரணம் இருந்துச்சு. ரெண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போனோம். மழை. அவகிட்ட ஒரு பச்சைக் குடை. நான் ரெண்டு கையிலயும் பையத் தூக்கிக்கிட்டு பச்சைக் குடை பின்னாடியே போறேன், போறேன். வழி வேற மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. ஏதோ குறுக்கு வழி போலன்னு விட்டுட்டேன். ஒரு வீட்டு வாசல்ல குடை மடங்குது. அந்தம்மா திரும்பிப் பாத்து, ஏங்க, நானும் நாலு தெருவா பாக்கறேன், யாருங்க நீங்கன்னு கேக்கறாங்க. எனக்குச் சட்டுனு வாயில வந்தது என்ன தெரியுமா? கோவமா இருக்கியா. அதைத்தான் கேட்டேன்.

ஆமா சார், இது எல்லாமே சிரிக்கிற விஷயம்தான். ஆனா சிரிக்க முடியாத ஒரு பழக்கமும் இதுல ஒட்டிக்கிச்சு. யாராவது, என்னைத் தெரியுதான்னு கேட்டா உடனே தெரியுமேன்னுடுவேன். சின்ன வயசுலேர்ந்து. தெரியலன்னு சொன்னா மூஞ்சி வாடிடுது, அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். அதனால எல்லாத்துக்கும் ஆமா. நல்லா இருக்கீங்களா, வீட்டுல சௌக்கியமான்னு பொதுவா ரெண்டு வார்த்தை. பேசப் பேச குரலை வெச்சோ நடைய வெச்சோ யாருன்னு புடிச்சிடலாம். பத்துக்கு ஏழு தடவை தப்பிச்சிடுவேன்.

அன்னிக்கும் அந்த ஆமாதான்.

அண்ணி போன் பண்ணினாங்க. என் அண்ணனோட சம்சாரம். அவங்க மக வீட்டுல இருந்தாங்க, ரொம்பத் தூரம். அவர் வந்த பஸ் கவுந்துடுச்சாம் தம்பி, நீங்கதான் கிட்ட இருக்கீங்க, முதல்ல போங்க, நான் வந்து சேர சாயங்காலம் ஆயிடும்னாங்க. ஓடி வந்தேன். கீழ ஒரே கூட்டம். ஒரு வார்டு பையர், ஆமா சார், வயசானவர், பையன்னு சொல்லக் கூடாதுல்ல, அவர் என்னை இங்க கூட்டிட்டு வந்து உங்களைக் காட்டி, நீலச் சட்டை, அம்பது வயசு, உங்க ஆளான்னு கேட்டாரு.

நீங்க படுத்திருக்கீங்க. படுத்திருக்கற ஆளுக்கு நடை ஏது? மயக்கத்துல முனகறீங்க, குரலும் இல்ல. வாயைச் சுத்திக் கட்டு. எனக்குன்னே பாத்து செஞ்சு வெச்ச மாதிரி. மூஞ்சியில பாதி கட்டுக்குள்ள இருந்துச்சு, யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்கன்னு அப்புறமா எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன், கட்டு இல்லாம இருந்தாலும் அதேதான். பேரைக் கேட்டிருக்கலாம். சரியாத் தெரியலங்க, விசாரிச்சு சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடப் பொறந்தவனைத் தெரியலன்னு எப்படி சார் சொல்றது? ஆமா, எங்க ஆளுதான்னுட்டேன்.

அண்ணனா? இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

நாங்க ரெண்டு வருஷமா பேசிக்கல சார். சின்ன வயசுல எனக்குக் கண்ணே அவர்தான். விசேஷ வீட்டுக்குப் போனா பின்னாடி நின்னுக்கிட்டு, வர்றது மாமா, குரலைக் குறைச்சுப் பேசு, அடுத்தது உன் வாத்தியார், கும்பிடுன்னு காதுல ஓதிக்கிட்டே இருப்பாரு. தம்பிக்கு ஊர்ல யாரையும் தெரியாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஆனா தன்னை மட்டும் தெரியும்னு நெனச்சிருந்தாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அப்புறம் அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. ஆஸ்பத்திரி தூரம், வர வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. தேறி எழுந்ததும் நேரா என்னைப் பாக்கத்தான் லேபுக்கு வந்திருக்காரு, சொல்லாம கொள்ளாம. பதினஞ்சு கிலோ எறங்கியிருக்கு, மீசைய எடுத்தாச்சு, குரல் கரகரன்னு வேற யாரோட குரலோ ஆயிடுச்சு. என்னடா, எப்படி இருக்கேன்னு கேக்கறாரு. யாரோ வாடிக்கையாளர் உரிமை எடுத்துக்கறாருன்னு நெனச்சு, அன்னிக்குன்னு வாயைக்கூடப் பாக்காம, டெலிவரி ஜன்னல் அந்தப் பக்கம்ங்கன்னு கையக் காட்டிட்டு நான் பாட்டுக்கு மெழுகைச் சொரண்டிக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் போயிட்டாரு. வந்தது அவர்னு சாயங்காலம் அண்ணி போன் பண்ணித்தான் தெரியும்.

அதுக்கப்புறம் ஆறு மாசத்துல எனக்கு இந்த ஆட்டிசம் சீட்டு கெடச்சுது. போய்க் காட்டியிருக்கலாம், இந்தா பாருண்ணே, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு. சாக்கு சொல்ற மாதிரி இருக்குமேன்னு போகல. இன்னிக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு. ஒரு நாள் அவர் தெரு வரைக்கும் போயிட்டு, கதவைத் தெறக்கறது அவரான்னு எனக்குத் தெரியணுமேன்னு பயந்து திரும்பிட்டேன்.

அதையெல்லாம்தான் உங்க கையப் புடிச்சிக்கிட்டு சொன்னேன். ஒண்ணு விடல. உன்னைத் தெரியாம இல்லண்ணே, உன் மூஞ்சிதான் எனக்குத் தெரியல, ரெண்டும் வேற வேறண்ணேன்னு சொன்னேன். ஜென்மத்துல நான் அப்படிக் கோர்வையாப் பேசினதே இல்ல.

மூக்கைச் சிந்திக்கிட்டு நிமிர்ந்தா உங்க வீட்டம்மா நிக்கறாங்க. நான் என்ன செஞ்சேன்? வாங்க அண்ணி, எப்ப வந்தீங்கன்னேன்! அவங்க என்னைப் பாக்கறாங்க, கையப் பாக்கறாங்க. யாருங்க நீங்க, எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சிட்டு எதுக்கு அழறீங்கங்கறாங்க. இவர் என் அண்ணன்ங்கறேன். அவருக்குத் தம்பியே கெடையாதேங்கறாங்க. அப்பவும் சார், அப்பவும் எனக்கு ஒரு நொடி, அண்ணன் கோவத்துல இவங்ககிட்ட என்னை மறைச்சுட்டாரோன்னுதான் ஓடுச்சு. அவ்வளவு புத்திசாலி நான்.

அந்த நேரம் பாத்து ஒரு சிஸ்டர் வந்து, இங்க சம்பந்தமில்லாத ஆளுகிட்ட உக்காந்துட்டு இருக்கறது யாருங்கன்னு சத்தமாக் கேட்டுச்சு. நான்தான் போலன்னு எழுந்தேன். மேல் மாடியில அண்ணன் முழிச்சிட்டுத்தான் இருந்திருக்காரு, காலையிலேர்ந்து. வயித்துக்குள்ள அடி. என் தம்பி இந்நேரம் வந்திருப்பான், போய்த் தேடுங்க, வேற எவன் கையவாவது புடிச்சிட்டு உக்காந்திருப்பான்னு சொல்லி அனுப்பியிருக்காரு.

ஆமா சார். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. என் வீட்டுக்காரி அண்ணிகிட்ட எப்பவோ போன்ல சொல்லிட்டாளாம். அவர் நான் வருவேன்னு காத்திருந்திருக்காரு, நான் அவர் கோவம் தீரட்டும்னு காத்திருந்திருக்கேன்.

ஓடினேன். ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறாங்க, லிஃப்ட் வாசல்ல புடிச்சேன். யாருன்னு தெரியுதாடான்னு அந்தக் கரகரக் குரல்ல கேட்டு சிரிச்சாரு. கடைவாய்க்கு முன்னாடி பல்லு மேல ஒரு உறை, நானே செஞ்சது, நெறம் ஒரு மாத்து கம்மி. தெரியுதுண்ணேன்னேன். கீழ நடந்ததைச் சொன்னேன். அண்ணின்னு கூப்பிட்டதைச் சொன்னதும் வயித்தைப் புடிச்சிக்கிட்டு சிரிக்கறாரு, சிஸ்டர் திட்டுது, நானும் சிரிக்கறேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். அதுலயே போயிடுச்சு. மத்தது எதுவும் பேசல. வெளிய வந்ததும் பேசிக்கலாம்னு இருந்தேன்.

வெளிய வரல சார். இன்னியோட பதிமூணு நாள்.

ஐயோ, நீங்க எதுக்கு... வேணாம் சார், எதுவும் எழுத வேணாம். நான் வந்தது வேற ஒண்ணு கேக்கத்தான். அன்னிக்கு நான் பேசினது ஏதாவது உங்க காதுல விழுந்துச்சா? தலைய ஆட்டினா போதும். கொஞ்சமா? ம். கொஞ்சம் போதும்.

நேத்து அண்ணி கேட்டாங்க. கடைசியில அவர்கிட்ட மனசு விட்டுப் பேசினீங்களா தம்பின்னு. எல்லாத்தையும் பேசிட்டேன் அண்ணின்னேன். அவங்களுக்கு அப்படியொரு நிம்மதி.

யார்கிட்டன்னு அவங்க கேக்கல.