கியர் மாற்றும் மூச்சு

இடுப்பு வலிக்கிறது. மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ள நான் வானத்தைப் பார்ப்பதில்லை. முதுகின் அடியில், இடது ஓரமாக, யாரோ ஆணியை வைத்து மெதுவாகத் திருகுவதுபோல் ஆரம்பிக்கும். அதனால் நின்றுகொண்டே பேசுகிறேன். நீங்கள் அந்தப் பெட்டிமேல் உட்காருங்கள். வண்டிமேல் மட்டும் சாய வேண்டாம்.

பழைய வண்டிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்கள். ஜனங்களுக்கு இந்த வண்டிகள்மேல் முதன்முதலில் எப்படிக் காதல் வந்தது என்று கேட்டீர்கள். டெட்ராய்ட்டில் இதற்குப் பதில் சொல்ல ஏகப்பட்ட கிழவர்கள் இருக்கிறார்கள். வேகம் என்பான் ஒருவன். சத்தம் என்பான் இன்னொருவன். பெண்கள் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காதல் முதுகு வழியாக வந்தது.

நான் பிறந்தது கென்டக்கி மலையில். அங்கே நிலக்கரி, இங்கே வந்தால் இரும்பு. இன்ஜின் பிளாக் வார்க்கிற பவுண்டரியில் வேலை. ஊற்றிய பிளாக் சிவப்பு மாறிக் கறுத்ததும் அச்சு மணலை உதறி அதை வெளியே இழுப்போம். இருமினால் கறுப்பாக வரும். ஃபோர்மன் பின்னாலேயே நிற்பான். அவன் கையால் தள்ளியதில்லை, குரலால் தள்ளுவான். அன்றைக்கெல்லாம் மஸில் கார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாதாரண உடம்பில் பெரிய இன்ஜின், அவ்வளவுதான்.

அறுபத்தாறு வசந்தகாலம். ஒரு ஷோரூம் வாசலில் கறுஞ்சிவப்பில் ஒன்று நின்றது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனைக்காரன் வந்தான். பளபளவென்று ஷூ.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"கென்டக்கி."

"அதான பாத்தேன். காலுல செருப்பு ஏறுனது இங்க வந்தப்புறம்தானா?"

மலைக்காரர்களை இங்கே இப்படித்தான் வரவேற்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றினான். வுட்வர்ட் சாலைக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு இருபது டாலர் தாளை எடுத்து, என் முன்னால் டாஷ்போர்டின் கோடியில், கண்ணாடியை ஒட்டி வைத்தான். எனக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி.

"எட்டி எடுத்தீங்கன்னா உங்களுது. நான் கால அமுக்குனப்புறம்தான் எடுக்கணும்."

அமுக்கினான். என் தலை பின்னால் போனது. கை நீண்டது, தோள் வரவில்லை. யாரோ நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, உட்காருடா என்று அழுத்தினார்கள். தாள் ஒரு முழத்தில் இருந்தது. எடுக்க முடியவில்லை. நான் சிரித்தேன். முப்பது வயது ஆள், பத்து வருஷம் மணல் தின்றவன், பிள்ளைமாதிரி சிரித்தேன்.

அதுவரை என்னை அழுத்தியதெல்லாம் இன்னொருவனுக்காக அழுத்தியது. இதுவோ நானும் பக்கத்தில் நின்றவனும் மணலிலிருந்து இழுத்துப் போட்ட இரும்பு. அது எனக்காக அழுத்தியது. காதல் என்று கேட்டீர்களே, அது இதுதான். பவுண்டரியில் எல்லோருக்கும் இப்படித்தான் பிடித்தது.

அந்த வண்டியை வாங்க என் பேரில் கடன் கிடைக்கவில்லை. ஊரில் பழைய பாக்கி இருந்தது. என் மனைவி எர்லீன் பள்ளிச் சமையலறையில் வேலை செய்தாள். அவள் கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். வண்டியின் பத்திரம் அவள் பேரில் வந்தது. அது வெறும் காகிதம் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு நான் செய்ததை ஊழியம் என்றே சொல்லலாம். புதிதாக யார் கிடைத்தாலும் பக்கத்தில் ஏற்றுவேன், தாளை வைப்பேன், அமுக்குவேன். ஒருவனும் எடுத்ததில்லை. இறங்கும்போது முகம் சிவந்திருக்கும். அடுத்த மாதம் அவனும் ஒன்று வாங்கியிருப்பான். பக்கத்து வீட்டுப் போலந்துக்காரன் ஸ்டாஷ், "நீ சர்ச்சுக்குப் போயி ஆள் சேத்திருந்தா இந்நேரம் பாதிரியார் ஆயிருப்படா," என்பான்.

எர்லீனின் தம்பி ஆர்விஸ் பத்தொன்பது வயதில் மலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். தாய் இல்லாத பையன், அவள்தான் தூக்கி வளர்த்தவள். அட்டைப் பெட்டியில் துணி. அதைக் கீழே வைக்கவும் விடாமல் வண்டியில் ஏற்றினேன். தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு, "ஐயோ மச்சான், ஐயோ மச்சான்," என்று கூவினான். நிறுத்தியதும், "இன்னொரு தடவ மச்சான். ஒரே ஒரு தடவ," என்றான். அந்தப் பைத்தியத்தை அவனுக்கு ஏற்றியது நான். இதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

நல்ல பையன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தப்பாக எழுதிவிடக் கூடாது.

நான்கு வருஷம் கழித்து, சங்கிலி வழுக்கி ஒரு பிளாக் சாய்ந்தபோது அதைப் பிடிக்கப் போனேன். பிடிக்கக்கூடாது, விட்டுவிட்டு நகரவேண்டும். எல்லோருக்கும் தெரியும். நானும் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பிடித்தேன். ஆஸ்பத்திரியில் ஆறு வாரம். பிறகு வேலை இல்லை. பிறகு கிளட்ச்சை மிதித்தால் ராத்திரி முனகல்.

ஒருநாள் எர்லீன் அடுப்பங்கரையில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"வண்டிய ஆர்விஸுக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா?"

"வித்துட்டேன். ஆஸ்பத்திரிக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். வெளியாளுக்கா வித்தேன்? தம்பிதான. உங்க கண்ணு முன்னாடியே நிக்கும்."

அவள் சொன்னது நியாயம். பத்திரம் அவள் பேரில். பணம் போனது என் முதுகுக்கு. நான் சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் அவன் வண்டியின் பின்பக்கத்தில் துளை போட்டுவிட்டான். மீன்பிடிக்கிற படகை இழுத்துப்போக ஒரு கொக்கி மாட்ட. வாங்கிய வாரத்திலேயே. பம்பருக்கடியில், துளைக்கருவியை வைத்து, வாயில் விசில் அடித்துக்கொண்டு. "அக்காவ ஏரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு மச்சான். நீங்களும் வாங்க. உக்காந்தா முதுகுக்கு நல்லது." நான் தலையாட்டினேன். உள்ளே போய் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த மதியம், ஸ்டாஷும் பவுண்டரி ஆட்கள் சிலரும் எங்கள் வாசலில் பீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஆர்விஸ் என்னை வண்டியில் ஏற்றினான். பக்கத்து இருக்கையில். அந்த வண்டியில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது, ஷோரூம் நாளுக்குப் பிறகு அன்றுதான்.

ரயில் பாதையோரமாக ஒரு சிமென்ட் சாலை உண்டு, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். அங்கே போய், சிரித்துக்கொண்டே ஒரு இருபது டாலரை என் முன்னால் வைத்தான்.

"இப்ப உங்க முறை மச்சான்."

அவன் அமுக்கியபோது நான் கையை நீட்டினேன். முதுகில் ஆணி இறங்கியது. கத்திவிட்டேன். அடிபட்ட நாய் கத்துவதுபோல் ஒரு சத்தம். அவன் உடனே காலை எடுத்தான்.

"வலிக்குதா மச்சான்? சாரி மச்சான். நான் ஒரு முட்டாப் பய."

"ஒண்ணுமில்ல."

மெதுவாக ஓட்டினான். கிழவியைக் கூட்டிப்போவதுபோல் ஓட்டினான். என்னைத் தேற்றவேண்டும் என்று அவனுக்கு. அதற்காகத் தன்னிடம் இருந்த ஒரே ரகசியத்தைச் சொன்னான்.

"அதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு மச்சான். வண்டி இழுக்குறப்போ போராடக் கூடாது. கியர் மாத்த கிளட்ச்ச மிதிக்குறான்ல, அந்த ஒரு மூச்சுல அழுத்தம் விட்டுப்போகும். அப்பப் பாயணும், முழு உடம்போட. மத்தவன் வண்டியிலெல்லாம் எடுத்துட்டேன். உங்ககிட்ட மட்டும்தான் முடியல. நீங்க அவ்வளவு வேகமா மாத்துவீங்க."

வீட்டு வாசலுக்கு வந்ததும் ஸ்டாஷ் கேட்டான்: "என்ன வெர்லின், எடுத்தியா காச? இல்ல இடுப்ப எடுத்துக்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் ஆர்விஸ் சொன்னான்.

"எடுத்துட்டாரு! மொத தடவயிலேயே." சொல்லிக்கொண்டே அந்தத் தாளை என் சட்டைப் பையில் செருகித் தட்டினான்.

கைதட்டினார்கள். நான் கத்தியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சாகும்வரை. சொல்லியிருந்தால், என்னைக் கேலி செய்திருந்தால், விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேலியோடு எனக்குப் பழக்கம் உண்டு. சட்டைப் பையில் அந்தத் தாள் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. நன்றாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், "மாப்ளே, ஒரே ஒரு தடவ நான் ஓட்டுறேன். கடைசியா," என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். சாவியைத் தூக்கிப் போட்டான். எர்லீன் ஈரக் கையோடு கதவுவரை வந்தாள். "வேணாங்க, ராத்திரி முனகுவீங்க." பிறகு தம்பியிடம், "டேய், அவரப் பாத்துக்கடா," என்றாள்.

"பாத்துக்கிறேன்க்கா."

பார்த்துக்கொண்டான். என் இடுப்புக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து அவன்தான் மாட்டினான். முதுகு ஆடாமல் இருக்கும் என்றான். அவன் பக்கத்து பெல்ட் எப்போதும்போல் இருக்கைக்கடியில் கிடந்தது. தாளுக்குப் பாய்கிறவன் பெல்ட் போடுவதில்லை.

சிமென்ட் சாலையில் நிறுத்தி, பையிலிருந்து தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது உன் காசு. பிச்சையா எனக்கு வேணாம். ஜெயிச்சு எடுத்துக்க."

"மச்சான், அப்படி நெனச்சா குடுத்தேன்?"

"எடுத்தா உனக்கு. என் வார்த்தை."

"இன்னைக்கு எடுத்துருவேன் பாருங்க. உங்க இடது கால் இப்ப ஸ்லோ." சொல்லிச் சிரித்தான்.

அமுக்கினேன். வண்டி இழுத்தது. நாலு மாதத்துக்குப் பிறகு, நானே ஓட்டி, அந்த உள்ளங்கை என் நெஞ்சில். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் போராடவில்லை. சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கியரின் உச்சிக்கு வந்தோம். கிளட்ச்சை மிதித்தேன். அவன் மூச்சை இழுப்பது கேட்டது. இருக்கையை விட்டு முழு உடம்போடு பாய்ந்தான், அவன் சொன்ன மாதிரியே.

நான் கியரை மாற்றவில்லை. பிரேக்கை மிதித்தேன். இடுப்பு வலித்தது. இருந்தாலும் முழுசாக மிதித்தேன்.

கால் தவறவில்லை. ஆணி இறங்கி இழுத்துக்கொள்ளவுமில்லை. யோசித்துத்தான் செய்தேன். கோழி சாப்பிடும்போதே யோசித்துவிட்டேன்.

வண்டி கோணாமல் நேராக நின்றது. அவ்வளவு நல்ல வண்டி. கண்ணாடி போய்விட்டது. ஆர்விஸ் பாதி உள்ளே, பாதி பானட்டின்மேல். கழுத்து இருந்த விதத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்கு ஓடிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. வலது கை மூடியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். எடுத்திருந்தான்.

நாய் குறுக்கே வந்தது என்று போலீசிடம் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார்கள். பழுப்பு என்றேன். கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டுமே. அடுத்த தெருவில் பழுப்பு நாய் ஒன்று இருந்தது. ஸ்டாஷும் இன்னும் இரண்டு பேரும் போய் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான். யாரையும் பார்த்துக் குரைக்காத நாய் அது.

எர்லீன் வண்டியை உடைத்துப் போடச் சொன்னாள். ஆர்விஸ் உயிராய் வைத்திருந்தது, உடைக்கலாமா என்று கேட்டேன். அழுதாள். புதுக் கண்ணாடி போட்டேன். பின்பக்கத் துளைகளை அடைத்து, தேய்த்து, அதே கறுஞ்சிவப்பை அடித்தேன். தொட்டுப் பாருங்கள், எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் அவன் பிறந்தநாளில் எர்லீன் வந்து, மென்மையான துணியால் வண்டி முழுக்கத் துடைப்பாள். துடைத்துவிட்டு அந்தப் பக்கத்து இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன். போன குளிர்காலம் அவளும் போய்விட்டாள். அவள் இருக்கும்போது இதைச் சொல்லி அவள் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. கட்டிய பெண்டாட்டிக்கு அந்த அளவாவது ஒருவன் செய்யவேண்டும்.

எழுதுங்கள். பேனாவை ஏன் மூடிவிட்டீர்கள்? நான்தான் கொன்றேன், அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். ஆனால் என்னை ஏமாற்றுக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்ன சொல் தவறியதில்லை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. டாஷ்போர்டுக்குக் கீழே அந்தச் சின்ன அறையைத் திறந்து பாருங்கள், அந்தத் தாளை மடிக்காமல் வைத்திருக்கிறேன். செலவழிக்க மனம் வரவில்லை, அது என்னுடையது இல்லை. அவன் முறைப்படி ஜெயித்தான். ஆர்விஸுக்கு நான் இருபது டாலர் தரவேண்டும்.