கீழ் ரூம் காத்து

இல்ல சார், அந்தக் காத்து அளக்குற டப்பாவ நான் எடம் மாத்தவே இல்ல. மூணு மாசமும் நீங்க வச்ச அலமாரி மேலயேதான் இருந்துச்சு. தெரு பூரா அளக்குறீங்கன்னுதான் நானும் சரின்னேன். இவ்வளவு வரும்னு யாரு கண்டா?

ரேடானா? பேரப் பாத்தா மாத்திர பேரு மாதிரி இருக்கு. மண்ணுக்குள்ளேர்ந்து தரை வெடிப்பு வழியா ஏறி வர்ற காத்து, வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்குக் கேடுங்குறீங்க. வாசன இல்ல, கலரும் இல்ல. அப்புறம் மனுஷன் எத வச்சு சார் கண்டுபிடிப்பான்?

ஜன்னலா? அத ஏன் கேக்குறீங்க. நான் போட்டதுதான். முப்பது வருஷமா எனக்கு இதான தொழிலு. சுத்தி ரப்பர் வச்சு, மேல சிலிகான் இழுத்திருக்கேன். வெளிய குப்ப எரிச்சாக்கூட உள்ள தெரியாது. அதான் ஏறி வந்தது வெளிய போக வழியில்லாம உள்ளயே சேந்துடுச்சுங்குறீங்களா?

என் தங்கச்சிக்காகத்தான். பாதி ரூம் தரைக்குக் கீழ இருக்கா, வெயில் காலத்துல குளுகுளுன்னு இருக்கும், நீயே எடுத்துக்கோன்னு குடுத்தேன். பதினோரு வருஷம். தையல் மெஷினும் இங்கயேதான், வெளிய தலை காட்டவே மாட்டா. மாப்பிள்ள பஸ் டிரைவரு. வேல முடிஞ்சு வந்தா சிகரெட்டு. உள்ள பிடிக்க மாட்டாரு, பாவம், அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னு பிடிப்பாரு. அந்தப் புகை வரக்கூடாதுன்னுதான் சார் அப்படி அடைச்சேன்.

நுரையீரல்ல கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு எனக்கு வேற எதுவும் தோணல. நேரா போயி மாப்பிள்ள சட்டையப் பிடிச்சேன். என் தங்கச்சிய ஊதி ஊதியே சாகடிக்கிறியேடான்னு தெருவே கேக்குற மாதிரி கத்தினேன். அந்த மனுஷன் பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. தன்னாலதான்னு அவரும் நம்பிட்டாரு போல.

என்ன? இதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாதா? புகையும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம், ரெண்டும் சேந்தும் இருக்கலாமா? என்ன சார் இது. ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டா நான் பாட்டுக்கு அழுதுட்டுப் போவேன்.

கொழாய் இறக்கி ஃபேன் வச்சா வெளிய போயிடுமா? வைங்க. இப்ப அங்க யாரு படுக்கப் போறா. அவ போயி ஆறு மாசமாச்சு.

மாப்பிள்ளைக்கு இன்னும் சொல்லல. நம்பர எடுப்பேன், பாப்பேன், வச்சிடுவேன். என்னன்னு சொல்றது? கடைசி நாளு, முகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடுறேன்னு காலையிலேர்ந்து வாசல்லயே நின்னாரு. அவளும் ரெண்டு தடவ கேட்டா, அவரு வந்தாராண்ணான்னு.

வரலம்மான்னு சொன்னேன்.