யாருக்கும் தேவைப்படாதவை

நான் கணினி மேசையில் வைத்து எதையும் சாப்பிடுவதில்லை, ஐயா. துணுக்குகள் விசைப்பலகைக்குள் போய்விடும். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எங்கள் மருத்துவமனையின் கணினி அறையில் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். வஜ்தி மட்டும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டேதான் நிரல் எழுதுவான். குறையாகச் சொல்லவில்லை. திறமைசாலி.

உங்கள் போலீஸ் அறிக்கையைப் படித்தேன். எச்சரிக்கை நிரல் நின்றுபோனதன் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்த ஒன்றைத் தெரியவில்லை என்று எழுதினால் எனக்கு உறுத்தும். அதற்காகத்தான் வந்தேன்.

குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர்களிலிருந்து போகிறது. முன்பெல்லாம் செவிலி ரவ்தா அடிக்கடி போய் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வருவாள். அந்தச் சிரமம் வேண்டாமென்று வஜ்தி ஒரு சின்ன நிரல் எழுதினான். எல்லோரும் பார்க்க, ஒரே வரிக் கட்டளையில் கம்பைல் செய்து ஓடவிட்டான். அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழுந்து அழுத்தத்தைப் பார்க்கும். குறைந்திருந்தால் ரவ்தாவின் கைப்பேசி அலறும். இல்லையென்றால் பேசாமல் படுத்துவிடும்.

எங்கள் லினக்ஸ் இயந்திரத்தில் நிறுவிய மென்பொருள் பேக்கேஜ்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் உண்டு. தேடிப் பார்த்தேன்.

“பட்டியல்ல வரலையே இது?”

“எப்படி வரும் முந்திர் அண்ணே? கடையில வாங்கினாத்தான பில்லு? இது வீட்டுல சுட்டது.”

“நாளைக்கு ஏதாவது ஆனா நான் எங்க போய்த் தேடறது?”

“என்னைக் கேளுங்க. எப்பப் பாத்தாலும் பட்டியலையே கேட்டுக்கிட்டிருந்தா, ஒருநாள் அது முந்திர்னு இங்க யாருமே இல்லைன்னு சொல்லிடப் போகுது.”

ரவ்தா வாய்விட்டுச் சிரித்தாள். “விடுடா, பாவம். வீட்டுல பொண்டாட்டியவே பட்டியல் பாத்துத்தான் கூப்பிடுவாரு போல.”

நானும் சிரித்தேன். என் மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. ரவ்தாவுக்கு அது தெரியாது.

பிறகு ரவ்தா அழுத்தமானியைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டாள். கைப்பேசி சும்மா இருந்தால் எல்லாம் நலம் என்று நம்பினாள். எனக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் அதை நான் அவ்வளவு நம்பியதில்லை.

ஆகஸ்டில் இயந்திரத்தைச் சுத்தம் செய்தேன். இப்போது எந்த பேக்கேஜுக்கும் தேவைப்படாதவை எவை என்று கேட்டால் அதுவே சொல்லும். சொன்னவற்றில் ஒரு துணைக்கோப்பு இருந்தது. ஏதோ மென்பொருளோடு வந்து, அது போன பிறகும் தங்கிவிட்டது. வஜ்தியின் நிரல் அதன்மேல்தான் நின்றது, அது இல்லாவிட்டால் ஓடாது. ஆனால் பட்டியலில் இல்லாத நிரலின் தேவை பட்டியலுக்கு எப்படித் தெரியும்? நீக்கவா என்று இயந்திரம் கேட்டது. ஆம் என்றேன்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒரு நிரல் எதன்மேல் நிற்கிறது என்று காட்டும் கட்டளை உண்டு. அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நீக்கினேன். பார்க்காமல் எதையும் நீக்குகிறவன் இல்லை நான். நீக்கிய பிறகு அவன் நிரலை ஒரு முறை ஓட்டியும் பார்த்தேன். எழவில்லை. தொடங்கிய வேலை சரியாக முடிந்ததா என்று பார்ப்பது என் வழக்கம்.

அதற்குப் பிறகு ரவ்தா பார்க்காத அழுத்தமானியை நான்தான் பார்த்து வந்தேன். காப்பிக்குப் போகும் வழியில்தான் இருந்தது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பக்கத்திலேயே நிறைந்த சிலிண்டர் நின்றது, திருகினால் போதும். ஆனால் அது வார்டுக்காரர்களின் வேலை.

வெள்ளிக்கிழமை நண்பகல் ரவ்தா அலறிக்கொண்டு ஓடி வந்தபோது லீன் என்ற குழந்தை நீலம் பாரித்துப் போயிருந்தது. பிழைக்கவில்லை. வஜ்தியை அன்றைக்கே நீங்கள் கூட்டிப் போய்விட்டீர்கள்.

அன்று காலை முழுவதும் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து கால்பந்து பேசிக்கொண்டிருந்தான். முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்துவிட்டு வந்து, நான் காத்திருந்தேன். அவன் தன் நிரல் ஓடுகிறதா என்று ஒரு முறை பார்த்திருக்கலாம். ஓடவில்லையே அண்ணே, ஏன் என்று என்னைக் கேட்டிருக்கலாம். அந்தத் துணைக்கோப்பைத் திரும்ப நிறுவ ஒரே ஒரு வரி போதும். அதை அடித்துத் தயாராகவே வைத்திருந்தேன்.

அவன் மட்டும் கேட்டிருந்தால், ஐயா, அந்தக் குழந்தையை நான் காப்பாற்றியிருப்பேன்.