நாற்றம் தின்கிற தொட்டி

— இடுப்பு விட்டுப்போச்சு அண்ணாச்சி. சாணி கரைக்கவா என்னை பிரிண்டிங் செக்ஷன்ல வேலைக்கு எடுத்தீங்க?

— கரை, வடிவு, நிறுத்தாதே. வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு போர்டுக்காரன் வந்து மீட்டர் வைக்கிறதுக்குள்ள இந்தத் தொட்டிக்கு உயிர் வரணும். இல்லேன்னா கம்பெனியைப் பூட்டிருவான். நாப்பது பேரும் தம்பானூர் ஸ்டாண்டுல போய் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

— தேங்காய்ச் சகிரித்தூளும் மக்கின உரமும் நிரப்பின சிமெண்ட் தொட்டி. இதுக்கு உயிராம்.

— ஒம்பது வருஷமா நீங்க அடிக்கிற மையோட நாத்தத்தைத் தின்னது யாரு, உன் மாமியாளா? இதுக்குள்ள இருக்கிற கிருமிதான். ஃபேன் கீழேருந்து புகையை ஊதும், கிருமி தின்னு தீர்க்கும், மேல வரும்போது மழை பெஞ்ச மண்ணு மாதிரி மணக்கும்.

— இப்ப என்ன மணக்குது?

— ...மையில கலக்குற தின்னர்.

— ஆங். மேனேஜர் சாலை பஜார்ல இருந்து கட்டு கட்டா ஊதுவத்தி வாங்கி வச்சிருக்காரு. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு இளைக்குது. அதுக்கு எந்த வத்தியைக் கொளுத்த?

— என்னைய எதுக்கு ஏசுற? ஏசணும்னா அம்மிணியை ஏசு. பெருக்க வந்தவ பெருக்கிட்டுப் போகாம, தொட்டியில ஃபினாயிலை ஊத்தி...

— ஊத்தினதைப் பார்த்தீங்களா?

— பக்கத்துல குப்பி கிடந்தது அல்லே?

— காலிக் குப்பி. கேட்டு ஓரத்துச் செம்பருத்திக்கு அவ தண்ணி கோரி ஊத்துறதே அதுலதான். தெரியாத மாதிரி பேசாதீங்க.

— சரி, விடு. வேலையைப் பாரு.

— விட மாட்டேன். அவளை நிறுத்தி பன்னெண்டு நாளாச்சு. ஒரு குப்பி ஃபினாயிலுக்கு லாரி அளவு தொட்டி சாகுமா? போன வருஷம் ஆசிட் சிந்தினப்போ, ஒரு மூலைதான் சாகும், அதுவே திரும்பி வந்துரும்னு நீங்கதானே சொன்னீங்க?

— சாணி போதும். தண்ணி சேரு.

— பைப்பைத் திறக்கவா?

— வேண்டாம், கிணத்துத் தண்ணி வேண்டாம். டிரம்ல மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன், அதைக் கோரி ஊத்து.

— ஒம்பது வருஷமா இது குடிச்சது கிணத்துத் தண்ணிதானே? இப்ப என்ன தீட்டா?

— சொன்னதைச் செய்யேன் பிள்ளே.

— அண்ணாச்சி... மஞ்சக்காமாலை பரவுதுன்னு ஹெல்த் சென்டர் ஆஷா ஒர்க்கர் ஸ்நேகா வந்து கிணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டாளே. ஒரு நாளைக்கு இந்தத் தண்ணியை எடுக்காதீங்கன்னு உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போனா.

— சொன்னா.

— தொட்டிக்குப் போற மோட்டாரை நிறுத்தினீங்களா?

— அது டைமர்ல ஓடுறது... மறந்துட்டேன். மறுநாள்லேர்ந்து மூணு நாள் ஓண லீவு. ஆளில்லாம அதுபாட்டுக்குத் தெளிச்சிட்டே இருந்திருக்கு.

— அவ அளந்துதான் போட்டா. நான் பார்த்தேன். அதுக்கா இத்தனை பெரிய தொட்டி செத்தது?

— ...அவ போனப்புறம் மிச்சம் வச்சிருந்த பாக்கெட்டை எல்லாம் நான் கொட்டினேன்.

— எதுக்கு?

— காண்டீன் தண்ணி நாறுதுன்னு தினம் என் உயிரை எடுத்தீங்க அல்லே? கிருமி சாகட்டும்னு கொட்டினேன்.

— செத்துதே.

— கிண்டல் பண்ணாதே வடிவு. எனக்குச் சோறு இறங்கல.

— அம்மிணி வீட்டுல இறங்குறதுக்குச் சோறே இல்ல.

— மேனேஜர்தான், இது அம்மிணி வேலையான்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லல. இல்லேன்னும் சொல்லல. அவ்வளவுதான் நான் செய்தது.

— அவ்வளவேதான்.

— வியாழக்கிழமை கழியட்டும். தொட்டிக்கு உயிர் வந்துட்டா நானே போய்ச் சொல்றேன், கேட்டியா?

— உயிர் பிடிக்கப் பதினஞ்சு நாளாவது ஆகும்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. வியாழனுக்கு நாலு நாள் இருக்கு.

— பின்ன என்னை என்ன செய்யச் சொல்ற... ஆமா, பவுடர் சங்கதி உனக்கு எப்போ தெரியும்?

— அன்னைக்கே. கிணத்தடியில நின்னு கை கழுவினீங்க. கைலி பூரா வெள்ளைப் பொடி.

— அப்போ இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல? என்னை விடு, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— லீவு முடிஞ்சு வந்ததும் சொல்லத்தான் போனேன். மேசையில ரெண்டு பேப்பர் வச்சிருந்தாரு. ஒண்ணு என் கான்ட்ராக்ட், அன்னைக்குப் புதுக்க வேண்டியது. இன்னொண்ணு, அம்மிணி ஃபினாயில் ஊத்தினதைக் கண்ணால கண்டேன்னு எழுதினது... ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டேன் அண்ணாச்சி. இந்தத் தொட்டி பிழைக்குதோ இல்லையோ, அம்மிணிக்கு அவ வேலையைத் திருப்பித் தரணும். அது நம்ம ரெண்டு பேர் கடன்.