பெயர் எழுதாத ஒயர்

பிற்பகல் மூன்று மணி. தார் ரோடு முடிந்து, அதற்கப்புறம் மண் ரோடும் பாதியில் நின்றுவிட்ட இடம். இரண்டு பக்கமும் காலி மனைகள்... எல்லைக்கல் மட்டும் நட்டுவைத்த மனைகள். கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரே ஒரு வீடு. ஆள் இல்லை. நாய்கூட இல்லை. பைக்கை நிறுத்தியதும் எஞ்சின் சூட்டில் ‘டிக்... டிக்...’ என்று சத்தம். அதுவும் அடங்கிப்போனது.

“இரு, இரு,” என்றாள் சித்தி. “பேய்க் கதைதானே சொல்றேன்ன? பகல் மூணு மணிங்கற?”

“பேய் என்ன சித்தி, நைட் ஷிஃப்ட் மட்டுமா பாக்கும்?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மொட்டை மாடியில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். சிரித்து முடித்தபோது எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன். 

இது என் கூட்டாளியின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவர் கதை விடுகிற ஆள் இல்லை. ஒரு கேள்வி கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்பவர். இதை மட்டும் முழுசாகச் சொன்னார். அதுவும் ஒரே ஒரு தடவை.

அவர் தொழில் என்னவென்றால், பெரிய வீடுகளில் டிவி, பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அறைக்கு அறை வைக்காமல் ஒரே இடத்தில் வைப்பார்கள். மாடிப்படிக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதைத்தான் ரேக் என்கிறார்கள். அதை அமைத்துக் கொடுப்பதுதான் இவர் வேலை. ஆம்ப்ளிஃபயர், கேபிள் டிவி பெட்டி, இன்டர்நெட் பெட்டி எல்லாம் அதில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் சுவருக்குள்ளேயே ஒயர் போகும். ஐம்பது ஒயர், அறுபது ஒயர். எது எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் இவர் ஒவ்வோர் ஒயரின் இரண்டு முனையிலும் சின்னச் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதிவிடுவார். ‘ஹால் இடது.’ ‘சமையலறை.’ ‘மாடி இரண்டு.’ கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘லேபிள்’ தான். அவர் மனைவிகூடக் கோபம் வந்தால், “எம் மேலயும் ஒரு சீட்டு ஒட்டி விட்டுடுங்க, மறந்துடுவீங்க” என்பாராம்.

பழைய வீட்டில் புது ரேக் வைக்கும்போது லேபிளுக்கு ஒரு முறை உண்டு. பெயர் எழுதாத ஒயர் இருந்தால், கீழ் முனையில் ஒரு சின்னக் கருவியை மாட்டுவார். அது ‘கூ... கூ...’ என்று ஒரு சத்தத்தை ஒயருக்குள் அனுப்பும். இன்னொரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். எந்தச் சுவரில் அந்தச் சத்தம் கேட்கிறதோ, அங்கே மறுமுனை. மறுமுனையில் ஏதாவது மாட்டியிருந்தால் பெயர் எழுதுவார். ஒன்றும் இல்லையென்றால் அது செத்த ஒயர். வெட்டிவிடுவார்.

அந்த ஒற்றை வீட்டிலும் அப்படித்தான். அங்கே ஒரு பெரியவர் தனியாக இருந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. மாடி ஏற முடியாது. வீட்டைக் கட்டியது மகன். அவருக்கு வெளியூரில் வேலை. அந்த மகனைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா போய் இரண்டு மாசம் ஆகிறது, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாட்டுக் கேட்கட்டும், படம் பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிய ரேக்குக்கு ஏற்பாடு செய்தார். அன்புதான். தூரத்தில் இருந்து செய்கிற அன்பு.

இரண்டு நாள் வேலை. பழைய சாமான்களைக் கழற்றும்போது பெயர் எழுதாத ஒயர் ஒன்று அகப்பட்டது. லேபிள் வழக்கம்போல் சத்தம் அனுப்பித் தேடினார். மாடியில் பூட்டாமல் சாத்தியிருந்த ஓர் அறை. சுவரில் சின்ன ஓட்டை. அரை முழம் ஒயர் வெளியே தொங்கியது. முனையில் ஒன்றும் இல்லை. மகனுக்குப் போன் செய்தார்.

“அதுவா? அம்மாவுக்கு வெச்சிருந்த மைக்கோட ஒயர்ங்க. அம்மா மேல படுத்திருந்தாங்க, அப்பாவால ஏற முடியாது. ராத்திரி கூப்பிட்டா கேக்கணுமில்ல? அதுக்காக வெச்சது. கட்டிலு, மைக்கு, எல்லாம் வாடகைக்கு எடுத்தது. அம்மா போன மறுநாளே திருப்பிக் குடுத்தாச்சு. வெட்டிடுங்க.”

கீழே இறங்கி, ரேக் பக்கத்தில் வெட்டினார். ‘டக்.’ கீழ் முனை நழுவிச் சுவருக்குள் போய்விட்டது.

பெரியவர் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. எட்டடி தூரம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லேபிள் இன்றைக்கும் வருத்தப்படுவது அதற்குத்தான். “சம்பளம் குடுக்கறவர்கிட்ட கேட்டேன். அந்த வீட்டுல இருக்கறவர்கிட்ட கேக்கல” என்றார். நமக்கெல்லாம் இது நடப்பதுதான். யாருடைய பொருளைத் தூக்கிப் போடுகிறோமோ, அவரை மட்டும் கேட்க மாட்டோம்.

நாலாம் நாள் பெரியவரே போன் செய்தார்.

“தம்பி... மேல இருந்து வர்ற சத்தம் நின்னுடுச்சு.”

“எந்தச் சத்தம்ங்கய்யா?”

“தலமாட்டுல ஸ்பீக்கர்ல வருமே. அவ மூச்சு.”

லேபிள் வாயைத் திறப்பதற்குள் பெரியவரே தொடர்ந்தார்.

“அவ போயிட்டா. எனக்குத் தெரியும் தம்பி. புத்தி கெட்டுப் போகல. ஆனா சத்தம் வந்துக்கிட்டிருந்துச்சு. நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து வரல. அதுலேர்ந்து தூங்கல. மாத்திர போட்டும் தூக்கம் வரல. இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேக்கணும்னு டாக்டர் சொல்றாரு. அங்க போனா நான் திரும்பி வர மாட்டேன்.”

அழுதுகொண்டு சொல்லவில்லையாம். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்கிற மாதிரி சொன்னாராம். “அதுதான் எனக்குத் தாங்கல” என்றார் லேபிள்.

போனை வைத்துவிட்டு யோசித்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது... அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தார். மறுமுனையில் ஒன்றும் மாட்டாத நீள ஒயர் சும்மா இருக்காது. சுவருக்குள் ஓடுகிற கரண்டின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். பழைய ஆம்ப்ளிஃபயர் வேறு. ‘ம்ம்ம்... ம்ம்ம்...’ என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். அதைத்தான் பெரியவர் மூச்சு என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். நினைத்தால் என்ன? ஒரு மனுஷன் தூங்குவதற்கு ஓர் இரைச்சல் வேண்டும். அதை வெட்டியது நான். அதை நானே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இவ்வளவுதான் அவர் கணக்கு. உண்மையைச் சொல்லித் திருத்துவது அவருக்குத் தோன்றவே இல்லை. கடவுள் அன்றைக்கு அவருக்கு அந்த அளவு புத்தியைக் கொடுத்தார் என்றுதான் நான் சொல்வேன்.

மறுநாள்தான் அந்தப் பிற்பகல் மூன்று மணி.

கதவு திறந்திருந்தது. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டில் சோறு, பாதி.

“சாப்பிடலயாய்யா?”

“சாப்பிட்டேன்னுதான் நெனைக்கறேன்” என்றார். தட்டைப் பார்த்தார். 

லேபிள் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். கொக்கிக் கம்பியைச் சுவர் ஓட்டைக்குள் விட்டு, நழுவிப்போன ஒயரைத் துழாவி இழுத்தார். இருபது நிமிஷம் ஆனது. ஒட்டுப் போட்டு, புது ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, பெரியவரின் தலைமாட்டு ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டார்.

“கேக்குதாய்யா?”

“இல்ல தம்பி.”

சத்தத்தைக் கூட்டினார். ஒன்றும் இல்லை. புதுச் சாமான் அப்படி. இரைச்சலே இல்லாமல் செய்திருக்கிறார்கள். அதற்குத்தான் அத்தனை விலை. சுத்தமான நிசப்தம்.

ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மைக் ஒயரின் வெறும் முனையை விரலால் தொட்டால், நம் உடம்பே இரைச்சலைப் பிடித்துக் கொடுக்கும். எந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் ‘ம்ம்ம்’ என்று வரும். முதலில் தொட்டுப் பார்ப்போம், பெரியவருக்கு அது போதும் என்றால் முனையில் ஒரு துண்டுக் கம்பியைக் கட்டிவிட்டு வருவோம், அது எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும் என்று முடிவு செய்தார்.

“நான் மேல போறேன்ங்கய்யா. போன்ல பேசறேன். நீங்க படுத்துக்கங்க. ஸ்பீக்கர்ல வர்றத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

மேலே அறை காலி. ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் நாலு சக்கரத்தின் தடம், தரையில் நாலு வெள்ளை வட்டம். காற்று அசையவில்லை. ஒயர் முனையைச் சீவி, செம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, உள்ளங்கையில் மடக்கிக்கொண்டார். மற்றக் கையில் போன்.

“ஐயா, இப்ப?”

போனில் கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம்,

“வந்துடுச்சு தம்பி.”

லேபிளுக்கு நிம்மதி. “ம்ம்முனு கேக்குதுங்களா?”

“ம்ம்முனு இல்ல. மூச்சு.”

“சரிங்கய்யா. அதேதான். நீங்க கண்ண மூடுங்க...”

“ரெண்டு கேக்குது.”

“என்னதுங்கய்யா?”

“ரெண்டு மூச்சு கேக்குது. ஒண்ணு அவளோடது. இழுப்பா... நிறுத்துவா... அப்புறம் விடுவா. இன்னொண்ணு வேகமா இருக்கு. படியேறி வந்த மூச்சு. அது நீங்கதானே?”

“போன் வழியா கேட்டிருக்கும்,” என்றார் இருட்டிலிருந்து மாமா. அவர் குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. “அந்தாளு மூச்சு போன்ல போயிருக்கும். இதுக்குப் போயி...”

லேபிளும் அதையேதான் நினைத்தார், மாமா. தன் மூச்சு போனில் போகிறது, பெரியவர் அதையும் இரைச்சலையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு மூச்சை நிறுத்தினார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

“இப்ப ஒண்ணுதான் கேக்குது,” என்றார் பெரியவர்.

அறையில் ஒன்றும் இல்லை. நாலு வெள்ளை வட்டம். சாத்திய ஜன்னல்.

“கிட்ட வந்திருக்கா,” என்றார் பெரியவர். எந்த உணர்ச்சியும் இல்லாத அதே குரல். “முன்னல்லாம் எட்டத்துல கேக்கும். இப்ப மைக்குக்குப் பக்கத்துலயே வந்துட்டா போலிருக்கு.”

மைக் இல்லை. முனை லேபிளின் கைக்குள் இருந்தது.

 சித்தி என் தோளைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

“ஓடியிருக்கணுமே,” என்றாள் மெதுவாக.

ஓடவில்லை. பயந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பயப்படக்கூட அந்த நேரத்தில் உள்ளே ஒன்றும் இல்லையாம்.  தோள்வரைக்கும் கை மரத்துவிட்டது. ஒன்று மட்டும் தெரிந்தது. கையை விட்டால் கீழே சத்தம் நின்றுவிடும். அந்த மனுஷன் ஐந்து நாளாகத் தூங்கவில்லை.

அதனால் விடவில்லை. அறையைப் பார்த்து, மெதுவாக, “அம்மா... ஐயா தூங்கட்டும்” என்று மட்டும் சொன்னாராம். 

 லேபிள் மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் போனில் குறட்டை கேட்க ஆரம்பித்தது. முதலில் விட்டு விட்டு. அப்புறம் ஒரே சீராக, மேட்டில் ஏறி முடித்த பழைய பஸ் மாதிரி. அப்போதும் விடவில்லை. தூக்கம் ஆழமாகட்டும் என்று நின்றார். கடைசியில் போனைப் பார்த்தபோது நாற்பத்தேழு நிமிஷம் ஆகியிருந்தது.

விரலை மெல்லத் திறந்தார். ஒயர் சுவரோரம் தொங்கியது. கீழே இறங்கி வந்தார். ஸ்பீக்கர் பக்கம் காதை வைக்கவில்லை. பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றுத் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

பெரியவர் அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தினமும் தூங்குகிறார். மகன் நன்றி சொல்லிப் போன் செய்தாராம். “அந்த முனையில அப்புறம் என்னத்தக் கட்டினீங்க?” என்று நான் லேபிளிடம் கேட்டேன்.

“ஒண்ணும் கட்டல,” என்றார்.

அன்றைக்குப் பைக்கில் ஏறப் போகும்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார். அவ்வளவு வெயிலில் இடது கை காய்ந்திருந்தது. ஒயரைப் பிடித்திருந்த வலது உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தது. வேர்வை இல்லை. வேர்வை முத்து முத்தாக நிற்கும். இது, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் ஆவி படியுமே... அப்படிப் படிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது மெல்ல மறைந்தது.

அப்புறம் மறுபடியும் படிந்தது.