பவர் கொடுக்காத கை

பறக்கும்போது என்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கீழிருந்து வரும் காற்றே மேலிருக்கும் இறக்கைகளைச் சுழற்றும். பதறாதவர்கள் பூப்போல இறக்கிவிடலாம். பத்தொன்பது வருஷமாக நான் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

பயிற்சியில் சொல்லாமல் கொள்ளாமல் என்ஜினைத் தணித்துவிடுவேன். மாணவர் சறுக்கி இறங்கி, தரைக்கு அருகே மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த நொடியில் நான் பவரைத் திருப்பிக் கொடுப்பேன். தரையைத் தொடாமலே மேலேறிவிடுவோம். எல்லாம் ஆசிரியரின் இடது கையில் இருக்கிறது.

என் இடது கை ஒரு வருஷமாக அடிக்கடி மரத்துப்போகிறது. அதைக் கண்டுபிடித்தவள் என் அண்ணன் மகள். என்னிடம்தான் படித்தாள், கற்பூரப் புத்தி. அன்று காலை மூன்றாவது முறை இறங்கியதும், எரிபொருள் நிரப்பும் இடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“சித்தப்பா, ரெண்டு தடவை பவர் லேட்டா வந்துச்சு. உங்க விரல் மடங்கவே இல்ல. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.”

“வெயில்மா. வேற ஒண்ணுமில்ல.”

“டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபீஸ்லயும் நீங்களே சொல்லிடுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான்.”

எனக்குக் கோபமே வரவில்லை. நியாயம் அவள் பக்கம். சாயங்காலம் சொல்லிவிடுகிறேன், கடைசியாக ஒருமுறை போய்வருவோம் என்றேன். என் இடுப்பு வாரை இழுத்துப் பார்த்து இறுக்கிவிட்டவளும் அவள்தான்.

ஐந்நூறு அடியில் என்ஜினைத் தணித்தேன். அவள் சறுக்கி இறங்கிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுபது அடி. நாற்பது. மூக்கு உயர்ந்தது. நான் பவர் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் விரல்கள் நன்றாகவே மடங்கின, கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

“பவர், சித்தப்பா,” என்றாள். ஒரு நொடி பார்த்தாள். பிறகு என்ஜின் உதவியின்றியே இறக்கத் தயாரானாள். இறக்கியும் விடுவாள் என்று தெரிந்தது. இவ்வளவு சுத்தமாக என் மாணவர் எவரும் செய்ததில்லை. அதனால் என் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் குச்சியை வலது கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைக்கு ஒரு கோளாறும் கிடையாது.

“கைய எடுங்க” என்று அவள் இரண்டு முறை சொன்னது ஹெலிகாப்டரின் குரல்பதிவுப் பெட்டியில் இருக்கிறது என்கிறீர்கள், விசாரிக்க வந்த நீங்கள். எனக்கு அது கேட்டதாக நினைவில்லை.

வால் தரையில் அடித்து முறிந்தது. வண்டி அவள் பக்கமாகப் புரண்டது.

மாணவி பதறி, அளவுக்கு மீறி இழுத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தேன். செத்துப்போனவளுக்கு அதனால் இனி எந்த நஷ்டமும் இல்லை. என்னை நம்பி இன்னும் பதினான்கு பேர் படிக்கிறார்கள்.

மறுநாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகளைப் பிணவறையில் பார்த்துவிட்டு நேராக என் அறைக்குத்தான் வந்திருக்கிறார். கட்டுப்போட்ட என் காலை மெல்லத் தடவினார்.

“நீயாவது பொழச்சியேடா,” என்று தேம்பினார். “உனக்கும் ஏதாவது ஆகியிருந்தா நான் என்னடா பண்ணுவேன்?”

அவளை நான்தான் கொன்றேன், ஐயா. ஆனால் ஒரே நாளில் இரண்டு பேரையும் அண்ணன் இழந்துவிடாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.